பதில்: மெஸ் விறகடுப்புப் புகை, பக்கத்து வீட்டு சண்டை
அண்ணே, கேஸ் கட்டுப்படியாகாம மெஸ்ஸுக்கு விறகு வாங்குறீங்க, பக்கத்து வீட்ல புகைன்னு சண்டை, மரம் திரும்ப வளரும்ல அப்புறம் என்ன கெடுதல்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல புகை. இப்ப வெட்டுன மரத்துல பாதிக்கு பாதி தண்ணி, அது ஆவியாகவே சூடு போயிடும், அடுப்பு சரியா எரியாம எல்லாம் கரிப்புகையா வெளிய வரும். கட்டை நுனில நுரை தள்ளி சீறுதா பாருங்க, சீறுனா பச்சை விறகு. பொளந்து கூரைக்கு கீழ ஆறு மாசமாச்சும் காய விடுங்க, ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ வரணும்.

கார்பன் கணக்குல பாத்தா, அதே அளவு சூட்டுக்கு விறகு நிலக்கரியை விட கொஞ்சம் கூடவே கார்பன் டை ஆக்சைடை வெளிய விடும், மரம் திரும்ப வளந்து அதை உறிஞ்சுனா தான் ஈடாகும். சீமைக்கருவேலம்னா அடிக்கட்டைல இருந்தே தழைச்சு சில வருஷத்துல வந்துடும், புளிய மரம்னா உங்க பேரன் காலம் வரைக்கும் ஆகும். பெயிண்ட் அடிச்ச பழைய ஜன்னல் கட்டைய மட்டும் போட்டுடாதீங்க, எங்க தெரு டீக்கடைல போட்டு ரெண்டு நாள் கண்ணு எரிஞ்சுது.