அந்த வாங்கிலேயே இருங்கள்

அன்புள்ள அக்கா,

எங்கள் சபை இரண்டாகிவிட்டது. நிர்வாகக் குழுத் தேர்தலில் தொடங்கிய சண்டை. இப்போது அவர்கள் ஆலயச் சாவிக்காகப் பொலிசுக்குப் போகிறார்கள். அவர்களுடைய பிரசங்கம் எனக்குக் காதில் ஏறுவதில்லை. மெதடிஸ்த சபைக்குப் போவோம் என்கிறா மனைவி. சபை மாறுவது பாவமா? பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு என்னவாகும்?

ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

பாவம் இல்லை. பதிவைப் பற்றி உங்கள் சபை ஐயரிடம் கேளுங்கள், அது ஒரு கடதாசி விஷயம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத இடம் என்றால் இன்றைக்கே வெளியேறுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதைப் பற்றி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது ‘அவர்கள்’ என்ற சொல்லில். யார் அவர்கள்? அந்தத் தேர்தலில் நீங்கள் வாக்குப் போட்டீர்களா, வீட்டில் இருந்தீர்களா? ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது எழும்பி ஒரு கேள்வி கேட்டீர்களா? கேட்காதவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றதால்தான் சாவி பொலிசு வரைக்கும் போனது. அதில் உங்களுக்கும் பங்குண்டு, எனக்கும் என் சபையில் உண்டு. ‘நாங்கள்’ என்று மாற்றி அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மெதடிஸ்தர்கள் நல்லவர்கள். ஆனால் பிரிவே இல்லாத சபை என்று ஒன்று இந்தக் குடாநாட்டில் எப்போது இருந்தது? வட்டுக்கோட்டைப் பேராலயத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் போர்த்துக்கேயரின் கத்தோலிக்கக் கோயில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் தங்கள் சீர்திருத்த சபைக்கு எடுத்தார்கள். 1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அங்கே பணி தொடங்கினார்கள். 1947இல் பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த ஆலயம் அதனுடையதானது. தென்னிந்தியாவில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிட்டீரியன், கொங்கிரகேஷனல் சபைகள் அந்த ஐக்கியத்தில் சேர்ந்தன. இங்கேயோ அமெரிக்க மிஷன் சபைகள் மட்டும் சேர்ந்தன, யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன்களும் மெதடிஸ்தர்களும் வெளியே நின்றார்கள். ஐக்கியம் வந்த வருடத்திலும் இந்த ஊரில் ஐக்கியம் அரைகுறைதான்.

இதை நான் நெடுநாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பாவால்.

எங்கள் ஊர்ச் சபையும் ஒருமுறை இரண்டானது. அப்பா ஒரு பக்கம், பெரியப்பா மறுபக்கம். ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. மூன்று வருடம் கதைக்கவில்லை. தண்ணீர் அள்ளப் போகும்போது பெரியப்பா நின்றால் அப்பா வாளியோடு திரும்பி வருவார். அம்மா அப்போதே சொன்னா, வேறு சபைக்குப் போவோம் என்று. அப்பா மாட்டேன் என்றார். ஞாயிறுகளில் இரண்டு பேரும் தாத்தா இருந்த அதே வாங்கில், நடுவில் ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு இருப்பார்கள். கூட்டங்களில் அப்பா எழும்பிப் பேசாத நாள் இல்லை. அந்த வாங்கில் இருந்ததாலேயே அவர் வாய் மூடிக்கொண்டு இருந்தார் என்று நினைக்காதீர்கள்.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் கொண்டுவந்த திருவிருந்து முறையில் ஒரு பழக்கம் உண்டு. சமாதான வாழ்த்து பீடத்திலிருந்து புறப்பட்டு, கைகளைக் கையால் பற்றி, ஆளுக்கு ஆளாக வாங்கு வழியே வரும். வரிசையில் ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் வாங்கில் அது பெரியப்பா வழியாகத்தான் அப்பாவுக்கு வரும். அந்த மூன்று வருடமும் ஒவ்வொரு திருவிருந்திலும் பெரியப்பா முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார், அப்பா முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். பிறகு எனக்குத் தந்தார். அவருடைய கை ஈரமாக இருக்கும்.

வேறு சபைக்குப் போயிருந்தால் அந்தக் கையைத் தொட அவருக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது, தம்பி. மூன்றாம் வருடம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கடுமையானபோது, இரவு ஒரு மணிக்குப் பெரியப்பா எங்கள் கதவைத்தான் தட்டினார்.