மகமைக் கணக்கு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம். நான் செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கத்து ஊர்க்காரன், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்), சென்னைல பேங்க் மேனேஜரா இருக்கேன், வர்ற மார்ச்ல ரிட்டையர்மென்ட். எங்க ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்கு கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போனவர். ஊர்ல ஒரு பாடசாலையும் ஊருணியும் அவர் வெட்டி வெச்சதுதான். என்கிட்ட இருக்கறது பென்ஷன், பெரிய வீட்டுல ஒரு பங்கு, அப்பறம் கணக்கு தெரியும், நாலு ஆபீசர் என் போனை எடுப்பாங்க, அவ்வளவுதான். கோயில் கும்பாபிஷேகம் வருது, விமானத்துக்கு தங்கத் தகடு போட பங்காளிங்க ஆளுக்கு ரெண்டு லட்சம் கேக்கறாங்க. எனக்கு அந்தக் காசை பாடசாலைக்கு குடுக்கணும்னு இருக்கு. சாமிக்கு குடுக்காம பள்ளிக்கூடத்துக்கு குடுத்தா தப்பில்லையான்னு வீட்டுல கேக்கறாங்க. ஐயா செஞ்சதுல நூத்துல ஒரு பங்கு கூட நம்மால முடியாம போச்சேன்னு வேற மனசு அடிச்சுக்குது. நீங்க என்ன சொல்றீங்க?

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டுல ஆச்சி, உங்க சம்சாரம், கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடறேன், தப்பே இல்ல. குடும்பக் கணக்குல கோயிலுக்கு கட்ட வேண்டிய புள்ளி வரியை மட்டும் பாக்கி வெக்காதீங்க, அது கடமை. தகடு விருப்பம். முடிஞ்சதை குடுங்க, யாரோ போட்ட ரெண்டு லட்சம் கணக்குக்கு நீங்க கடன்காரர் இல்ல.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணைத்தான் நான் பேசணும். உங்க ஐயா எவ்வளவு குடுத்தார்னு பாக்கறீங்க, எப்படி குடுத்தார்னு பாருங்க. ரங்கூன்லயும் பினாங்குலயும் நகரத்தார் கடைகள்ல தர்மத்துக்குன்னு, மகமைங்கற பேர்ல, ஒரு பங்கை தனியா எழுதி வெப்பாங்க, பேரேட்டுல சாமி பேர்லயே கணக்கு இருக்கும், அந்தப் பணமும் மத்த பணத்தோட சேர்ந்து வட்டிக்கு போய் வளரும், அதாவது சாமியும் அந்தக் கடைல பணம் போட்டவர்தான். வீட்டுச் செலவு, கல்யாணச் செலவெல்லாம் போக மிஞ்சினா பாத்துக்கலாம்னு விட்டிருந்தா ஒரு சத்திரம் கூட எழும்பியிருக்காது. காசில நகரச் சத்திரத்துல இருந்து விசுவநாதர் பூஜைக்கு சாமான் எடுத்துட்டு சம்போ சம்போன்னு சொல்லிக்கிட்டு இன்னைக்கும் தினமும் போறாங்களே, அது ஒருத்தரோட பெரிய மனசால மட்டும் ஓடல, முன்னாடியே எழுதி வெச்ச கணக்கால ஓடுது.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. 1930கள்ல உலகமே பொருளாதார மந்தத்துல கெடந்தப்ப கீழ் பர்மாவுல நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாம விவசாயிங்க நெலம் அங்க கடன் குடுத்த நகரத்தார் கைக்கு வந்துச்சு, அங்க இருந்த நெல் வயல்ல கால்வாசி வரைக்கும். அப்பறம் 1942ல ஜப்பான்காரன் வந்தான், சுதந்திரத்துக்கு அப்பறம் பர்மா அரசாங்கம் நெலத்தை எடுத்துக்கிச்சு. அந்த மக்கள் பட்ட கஷ்டம் இங்க கோபுரம் கட்டினதால கழிஞ்சு போச்சுன்னு என்னால சொல்ல முடியல. எங்க தாத்தா எழுத்துக் கூட்டி படிச்சது அந்த மாதிரி பணத்துல நடந்த ஒரு பள்ளிக்கூடத்துலதான், நாங்க நகரத்தார் இல்ல, ஆனா அந்தப் படிப்பு இல்லேன்னா இதை நான் எழுதிட்டு இருக்க மாட்டேன். ரெண்டும் உண்மை, ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் தர்மத்தைப் பத்தி பேசணும். அந்த வகைல உங்க பென்ஷன் சுத்தமான காசு அண்ணே, அதுல எடுத்து வெக்கற ஆயிரம் ரூபாயை கொறைச்சு பேசாதீங்க.

பணம் இல்லையேன்னு சொல்றீங்க. காரைக்குடி பக்கத்துல கோட்டையூர் ஒரே ஊருலயே ரெண்டு பேரைப் பாருங்க. மில் முதலாளியா இருந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909ல பொறந்து 1957ல, 48 வயசு நிறையறதுக்குள்ள போயிட்டார், கடைசி வருஷங்கள்ல உடம்பு ரொம்ப படுத்துச்சு. காலேஜ் கட்டினதை எல்லாரும் சொல்லுவோம். எனக்கு பெருசா படறது காரைக்குடில இருக்கற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்ததோட விடாம, டெல்லில தனக்கு இருந்த மதிப்பை வெச்சு ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையத்தையே இந்த வறண்ட காட்டுக்கு கொண்டு வந்தார், 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த மதிப்பை வெச்சு தனக்கு இன்னும் நாலு மில்லு வாங்கியிருக்கலாம் இல்லையா? இன்னொருத்தர் ரோஜா முத்தையா, போர்டு எழுதற ஓவியர். பழைய புஸ்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க எடைக்கு போட்டதையெல்லாம் வாழ்நாள் பூரா சேத்து வெச்சார், பூச்சி அரிக்காம காப்பாத்தினார். 1992ல அவர் காலமானப்ப ஒரு லட்சம் அளவுக்கு இருந்துச்சு, அதுதான் 1994ல சென்னைல அவர் பேர்ல நூலகமாச்சு. அவர்கிட்ட இருந்தது கண்ணும் பொறுமையும்தான்.

உங்ககிட்ட கணக்கு இருக்கு. நம்ம பக்கத்துல பையன் இன்ஜினியரிங், பொண்ணு நர்சிங் சேர்றப்ப எத்தனை அப்பா அம்மா கந்து வட்டிக்கு போய் நிக்கறாங்கன்னு உங்களுக்கு தெரியாததா, 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு மார்ஜின் பணம், அதாவது நம்ம கைல இருந்து போடற பங்கு, தேவையில்லங்கறதே அவங்கள்ல முக்காவாசி பேருக்கு தெரியாது, பாரத்தைப் பாத்தே பயந்து திரும்பிடறாங்க. ரிசல்ட் வர்ற மே, ஜூன் மாசத்துல வாரத்துல ரெண்டு காலைல கோயில் மண்டபத்துல ஒரு டேபிள் போட்டு உக்காந்து பாரம் நிரப்பிக் குடுங்க. அது சாமி சன்னதியும் ஆச்சு, பள்ளிக்கூடப் பசங்க வேலையும் ஆச்சு, வீட்டுல இருக்கற சண்டையும் தீந்துச்சு. அந்த நாலு ஆபீசர் போனை இதுக்கு அடிங்க. ஆனா ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கங்க, மொத வருஷம் சொந்தக்காரப் பையனுக்காக ஒரு போன் கூட போகக் கூடாது, போனா ஊர்ல மத்தவங்க அந்த டேபிள் பக்கமே வர மாட்டாங்க.

பாடசாலைக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி டிரஸ்ட் இன்னும் உசிரோட இருக்கா, வரவு செலவு ஆடிட் ஆகியிருக்கா, பத்திரம் யார் பீரோல இருக்குன்னு பாருங்க. பல ஊர்ல பங்காளி சண்டைல இதெல்லாம் கேக்க ஆளில்லாம கெடக்கு, கட்டடம் ஒழுகறதை விட இது மோசம். உங்க ரெண்டு லட்சத்தை விட, உங்க ரெண்டு மாச உழைப்புல அந்தக் கணக்கு நேராகறது அந்தப் பசங்களுக்கு பெரிய சொத்து. மார்ச் வரைக்கும் காத்திருக்க வேணாம், கும்பாபிஷேகத்துக்கு வர்றப்பவே எல்லா பங்காளியும் ஒரே எடத்துல இருப்பாங்க, தகடு பேச்சு முடிஞ்ச கையோட டிரஸ்ட் பத்திரத்தை கேளுங்க.