அம்மாவைக் கேட்காதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். டிசம்பர் விடுமுறைக்கு அடிலெய்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காரில் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா (வயது 69, சர்க்கரை உண்டு). ஒரே மூச்சில் போய்விடலாம் என்கிறேன் நான். நடுவில் தங்கியே ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. அம்மாவால் தொந்தரவு இல்லை. போன மாதம் கான்பரா போனபோதுகூட, நிறுத்த வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார். தங்குவதென்றால் எந்த ஊர் சரி?

பதில்: ஊர் அப்புறம். தொந்தரவு இல்லை என்று எழுதிய கையோடு என்ன எழுதினீர்கள் என்று திரும்பப் படித்தீர்களா? சர்க்கரை உள்ள அம்மா தாகத்தை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் போய் அவருடைய நல்ல குணமாகச் சொல்கிறீர்கள்.

எந்தத் தாயும் சும்மா அப்படிச் செய்ய மாட்டார். அதற்கு முன் ஏதோ ஒரு நாள் அவர் நிறுத்தச் சொன்னபோது யாரோ ‘உச்’ கொட்டியிருக்கிறீர்கள், அல்லது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கான்பரா மூன்று மணி நேரம். அடிலெய்டு கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் ஓட்டினாலும் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் வரும் ஹேய் சமவெளியில் டிசம்பர் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தண்ணீர் குறைந்தால் சர்க்கரை ஏறும். இதை ஒரு மகனுக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது! பெற்றவளை வீட்டுக்கு வரவழைத்தால் மட்டும் போதாது, அவர் கூச்சமில்லாமல் ‘வண்டியை நிறுத்துப்பா’ என்று சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அது உங்கள் கடமை, சலுகை இல்லை.

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஒரு இரவுகூட இல்லை, இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் வாகா வாகா, இரண்டாம் நாள் மில்டூரா. வாகாவைத் தாண்டினால் நரண்டேரா, ஹேய், பால்ரனால்ட் என்று ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் வரும். ஹேய்க்கும் பால்ரனால்டுக்கும் நடுவில் 130 கிலோமீட்டர். அதனால் ஒவ்வொரு ஊரிலும் நிறுத்துங்கள். பெரும்பாலும் பூங்காவை ஒட்டிப் பொதுக் கழிப்பறை இருக்கும். ‘நிறுத்தட்டுமாம்மா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ‘வேண்டாம்ப்பா’ என்றுதான் சொல்வார். பேசாமல் நிறுத்திவிட்டு, பேத்தியோ பேரனோ கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டும்.

பொழுது சாய்வதற்குள் மோட்டலுக்குப் போய்விடுங்கள். கங்காருக்கள் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான். சின்ன ஊர்களில் எட்டு மணிக்கே சமையலறையை மூடிவிடுவார்கள். சர்க்கரைக்காரரைச் சிப்ஸ் பாக்கெட்டோடு படுக்க வைக்கக் கூடாது. விடுமுறைக் காலம் என்பதால் இப்போதே அறை சொல்லிவையுங்கள். சொல்லும்போது, ஷவருக்குக் குளியல் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா என்று கேளுங்கள். ஏற வேண்டுமென்றால் அந்த அறை வேண்டாம்.

மில்டூராவிலிருந்து மேற்கே போனால் யாம்பாவில் சோதனைச் சாவடி. பழங்களைக் கெடுக்கும் பழ ஈ உள்ளே வந்துவிடும் என்ற பயத்தால் பழம், காய்கறிகளைத் தாண்ட விடமாட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க வாழைப்பழத்தை நம்பாதீர்கள். குளுக்கோஸும் பிஸ்கட்டும் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும், கூடவே அவருக்கென்று ஒரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு ஊரிலும் அது காலியாகியிருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள், உங்கள் மனைவி அல்ல.