வாசகர் கேள்வி – பதில்: படகு இயந்திரத்தை நிறுத்தும் வயர்லெஸ் சுவிட்ச்

ஓட்டுபவர் நீரில் விழுந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் வயர்லெஸ் கட்-ஆஃப் சுவிட்சைப் பற்றிப் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) இயந்திரத்தில் சுருள் கயிற்றுடன் கூடிய கட்-ஆஃப் சுவிட்ச் ஏற்கெனவே இருக்கிறது. வயர்லெஸ் சுவிட்சும் அதே வேலையைத்தானே செய்கிறது? தனியாக ஏன் வாங்க வேண்டும்?

அந்தக் கயிற்றின் ஒரு முனை ஓட்டுபவரின் உடலிலும், மறுமுனையிலுள்ள கிளிப் சுவிட்சிலும் மாட்டப்படும்; அவர் விலகினால் கிளிப் உருவிக்கொண்டு இயந்திரம் நிற்கும். நீங்கள் அந்தக் கயிற்றை ஒவ்வொரு முறையும் தவறாமல் மாட்டிக்கொள்பவராக இருந்தால், வாங்கியே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை வைத்திருப்பவர்களில் பலர் அதை மாட்டுவதில்லை. சுக்கானை விட்டு இரண்டடி நகர்ந்தால் இயந்திரம் நின்றுவிடுகிறது, மீன்பிடிக்கும்போது கையில் சிக்குகிறது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். 2013 மே 5 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கேமல் முகத்துவாரத்தில் ‘மில்லி’ என்ற விரைவுப் படகிலிருந்து ஒரு குடும்பத்தினர் ஆறு பேரும் நீரில் வீசப்பட்டார்கள். ஆளில்லாத அந்தப் படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மீதே மோதியதில் இருவர் உயிரிழந்தார்கள், இருவர் படுகாயமடைந்தார்கள். அந்தப் படகில் கட்-ஆஃப் கயிறு இருந்தது, ஆனால் ஓட்டியவர் அதை மாட்டியிருக்கவில்லை. படகு அப்படிச் சுற்றி வருவதில் விந்தை எதுவும் இல்லை. சுக்கானைப் பிடிக்க ஆளில்லாதபோது புரொப்பெல்லரின் முறுக்கு விசையே இயந்திரத்தை ஒரு பக்கம் திருப்பிவிடும் என்பதால், படகு வட்டமடித்து விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்ப வரக்கூடும். நிமிடத்துக்கு 3,200 முறை சுழலும் மூன்று இதழ் புரொப்பெல்லர், ஒரே விநாடியில் 160 முறை வெட்டும்.

வயர்லெஸ் சுவிட்ச் அந்தத் தொந்தரவை நீக்குகிறது. ஓட்டுபவர் அணியும் சிறு வில்லையும் படகில் பொருத்தப்பட்ட மையக் கருவியும் இடைவிடாமல் ரேடியோ அலைகளால் தொடர்பில் இருக்கும். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் வெகு விரைவாக உறிஞ்சிவிடுவதால், வில்லை நீருக்குள் போனதும் தொடர்பு அறுகிறது. உடனே மையக் கருவி இயந்திரத்தை நிறுத்துகிறது. ஓட்டுபவர் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, சென்று நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வரலாம், இயந்திரம் நிற்காது.

ஆனால் இந்த வசதியே ஒரு குறையுமாகும். பெரிய அலை ஒன்று ஓட்டுபவரை இருக்கையிலிருந்து தூக்கிப் படகுக்குள்ளேயே எறிந்தால் கயிறு உருவிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும்; வயர்லெஸ் கருவியோ அவர் இன்னும் படகில்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இயந்திரத்தை ஓடவிடும். எனவே வயர்லெஸ் கருவியைப் பொருத்தினாலும் கயிற்றுச் சுவிட்சை அகற்றாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளிலும், வேகமாக ஓட்டும்போதும் கயிற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருவியை வாங்கிவிட்டேன். ஓரளவு மின்வேலை தெரியும். நானே பொருத்தலாமா? எந்த வயரில் இணைப்பது?

பொருத்தலாம். ஆனால் வயரைத் தொடுவதற்கு முன் உங்கள் இயந்திரம் எந்த முறையில் நிற்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டுகளில் நிறுத்து வயர் எர்த்துடன் சேர்ந்தால் தீப்பொறி அடங்கி இயந்திரம் நிற்கும். வேறு சில இயந்திரங்களில், இணைந்திருக்கும் சுற்று துண்டிக்கப்பட்டால்தான் நிற்கும். முதல் வகையில் புதிய கருவியில் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயைப் பழைய கயிற்றுச் சுவிட்சுக்குப் பக்க இணைப்பாகவும், இரண்டாம் வகையில் அதே சுற்றில் தொடர் இணைப்பாகவும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டில் எது செயல்பட்டாலும் இயந்திரம் நிற்கும். மாற்றி இணைத்தால் ஒன்று இயந்திரம் கிளம்பவே கிளம்பாது, அல்லது தேவைப்படும்போது நிற்காது. இந்த இரண்டாவது பிழைதான் ஆபத்தானது, ஏனெனில் விபத்து நடக்கும்வரை அது வெளியே தெரியாது.

வகையைக் கண்டறிய எளிய வழி உண்டு. சாவியை அணைத்து, பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கயிற்றுச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி, அவற்றுக்கிடையே மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கிளிப்பை உருவிய நிலையில் தொடர்ச்சி காட்டினால் எர்த் ஆகி நிற்கும் வகை. கிளிப் மாட்டிய நிலையில் மட்டும் காட்டினால் துண்டிப்பில் நிற்கும் வகை. வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பில் மஞ்சள் கோடு உள்ள வயரைப் பல தயாரிப்பாளர்கள் நிறுத்து வயராக வைத்திருந்தாலும் எல்லோரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. முன்பு யாரேனும் பழுதுபார்த்திருந்தால் நிறம் மாறியும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். எர்த் ஆகி நிற்கும் வகையில், நிறுத்து வயரில் ஒருபோதும் 12 வோல்ட் மின்சாரம் படக்கூடாது. பட்டால் தீப்பொறி தரும் மின்னணுப் பகுதி அந்த நொடியிலேயே கெட்டுவிடும். மேலும் இயந்திரம் ஓடும்போது அந்த வயரில் நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்பதால், ஓடும் இயந்திரத்தில் அதைக் கையால் தொடுவதும் வேண்டாம்.

மையக் கருவிக்கான மின்சாரத்தை, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் வயரிலிருந்து, கையேட்டில் சொன்ன அளவுள்ள ஃபியூஸ் வழியாக எடுங்கள். சில அமைப்புகளில் மையக் கருவிக்கு வரும் மின்சாரம் நின்றுபோனாலும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. எனவே அதன் விளக்கு ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். மையக் கருவியை உலோகப் பெட்டிக்குள் வைத்தால் அலை வெளியே வராது. வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றி விடுவது கடலில் நிலைக்காது. வெள்ளீயம் பூசிய வயரும், உட்புறம் பசையுள்ள வெப்பச்சுருக்குக் குழாயும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இரண்டு இயந்திரங்கள் உள்ள படகுக்கு ஒரே கருவி போதுமா? டீசல் இயந்திரத்துக்கு?

இரண்டு இயந்திரங்களுக்கென்று வடிவமைத்த கருவியாக இருந்தால் போதும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி ரிலே வேண்டும். இரண்டு நிறுத்து வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டால், ஒன்றில் ஏற்படும் கோளாறு மற்றதையும் நிறுத்திவிடும்.

டீசலில் தீப்பொறி கிடையாது, எரிபொருளைத்தான் நிறுத்த வேண்டும். அதைச் செய்வது மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு. மின்சாரம் வந்தால் இயந்திரத்தை நிறுத்துவது, மின்சாரம் நின்றால் இயந்திரத்தை நிறுத்துவது என்று அதில் இரண்டு வகை உண்டு. கம்பியை இழுத்து நிறுத்தும் பழைய இயந்திரமானால் சோலினாய்டைப் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: யாரும் விழாமலே இயந்திரம் சில சமயம் நின்றுவிடுகிறது. எரிச்சலில் கருவியையே அணைத்து வைத்திருக்கிறேன். இது இயல்பா?

இயல்பன்று, சரிசெய்யக்கூடியதே. அணைத்து வைப்பதால் கருவி இருந்தும் இல்லாத நிலை ஆகிவிடுகிறது. கயிற்றை மாட்டாமல் விட்டவர்களின் நிலையும் இதுதான். முதலில் வில்லையின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிறகு, இயந்திரம் நின்ற தருணங்களில் வில்லை எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மனித உடலின் பெரும்பகுதி நீர் என்பதால், வில்லை முன்சட்டைப் பையிலும் மையக் கருவி முதுகுக்குப் பின்னாலும் இருந்தால் உங்கள் உடலே அலையை மறித்துவிடும். ஈரமான மழைச்சட்டைக்கு அடியில் வைத்தாலும் அப்படி நேரலாம். மையக் கருவியை ஓர் அடி உயர்த்தி, திறந்த இடத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். அதன் பிறகும் நீடித்தால் எர்த் இணைப்பில் உப்பும் துருவும் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீர்த்தாரையால் உந்தப்படும் படகுகளில் இயந்திரம் நின்றால் திருப்பும் ஆற்றலும் உடனே போய்விடும். குறுகிய கால்வாயிலோ முகத்துவார அலையிலோ அது நேர்ந்தால் பெரும் ஆபத்து.

கேள்வி: வில்லையை எங்கே அணிவது? உடன் வரும் குழந்தைகளுக்கும் தேவையா?

மணிக்கட்டில் அணிவது நல்லது. காற்றடைத்து விரியும் உயிர்காப்பு உடையின் கழுத்துப் பகுதியில் மாட்டாதீர்கள். நீரில் விழுந்ததும் உடை விரிந்து வில்லையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும், அப்போது படகு எட்டாத தூரம் போனால்தான் தொடர்பு அறும். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் செல்லும் படகு விநாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் கடக்கிறது என்பதை வைத்து இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சுக்கானை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது வில்லையையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கட்டாயம் அணிவியுங்கள். பல கருவிகளில் பயணிகளின் வில்லை நீரில் விழுந்தால் ஒலி எழுப்புமே தவிர இயந்திரத்தை நிறுத்தாது. உங்கள் கருவி எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: இதைச் சட்டம் ஏற்கிறதா?

அமெரிக்காவில் ஏற்கிறது. அங்கே 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள, கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்தப்பட்ட பொழுதுபோக்குப் படகை வேகமாக ஓட்டுபவர் அந்தச் சுவிட்சின் இணைப்பை அணிந்திருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இணைப்பு கயிறாகவும் இருக்கலாம், வயர்லெஸாகவும் இருக்கலாம். மூடிய அறைக்குள் சுக்கான் உள்ள படகுகளுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: கருவி வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

படகைக் கட்டிவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, வில்லையை நீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளியில் அமிழ்த்துங்கள். ஓரிரு விநாடியில் இயந்திரம் நிற்க வேண்டும். உலோக வாளி வேண்டாம். அதுவே அலையை மறைத்துவிடும் என்பதால் நீரின் விளைவு தெரியாது. பிறகு கயிற்றை உருவியும் ஒருமுறை சோதியுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

கேள்வி: ஓட்டுபவரே விழுந்துவிட்டால், படகில் இருப்பவர்கள் எப்படி அவரிடம் போவது? இயந்திரம் மீண்டும் கிளம்புமா?

கிளம்ப வேண்டும்; அதற்கான வழி எல்லா நல்ல கருவியிலும் இருக்கும். சிலவற்றில் சில விநாடிகள் கழித்துத் தானாகவே அனுமதிக்கும், சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதைக் கரையிலேயே உடன்வருபவர் ஒருவரின் கையால் செய்ய வைத்துப் பழக்குங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் முறையை அறிந்தவர் நீரில் இருப்பார். விழுந்தவர் எங்கே இருக்கிறார் என்பதை ஒருவர் கண்ணெடுக்காமல் காட்டிக்கொண்டிருக்க, மற்றவர் மிக மெதுவாகப் படகைத் திருப்பி அருகே கொண்டுவர வேண்டும். கை எட்டும் தூரத்துக்கு வருமுன்பே இயந்திரத்தை முழுமையாக அணைத்துவிட்டு, அதன் பிறகே அவரைப் படகில் ஏற்ற வேண்டும்.