ஸ்கேனில் நீர்க்கட்டி, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 25. பெங்களூரு அல்சூரில் வீடு, ஒயிட்ஃபீல்டில் வேலை, பாதி மாதம் நைட் ஷிஃப்ட். ஒரு வருடமாகப் பீரியட்ஸ் 45 நாள், 60 நாள் கழித்துத்தான் வருகிறது. ஸ்கேனில் வலது சினைப்பையில் 3.2 செ.மீ. நீர்க்கட்டி என்றும், இரண்டு பக்கமும் பி.சி.ஓ. என்றும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அம்மா அழுதபடி இருக்கிறார். ஆபரேஷன் செய்யவேண்டி வருமா? குழந்தை பிறக்குமா?

பதில்: உங்கள் பயத்தில் பாதி அந்த 'நீர்க்கட்டி' என்ற சொல்லால் வந்தது. இரண்டு வேறு விஷயங்களுக்குத் தமிழில் நாம் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

பி.சி.ஓ. (பாலிசிஸ்டிக் ஓவரி) என்பதில் உண்மையில் கட்டியே இல்லை. சினைப்பைக்குள் முட்டையைச் சுற்றியிருக்கும், முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள் அவை, பெரும்பாலும் ஒரு செ.மீ.க்கும் குறைவு. 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்த காலத்திலிருந்து கட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

அந்த 3.2 செ.மீ. வேறு கதை. மாதாமாதம் ஒரு முட்டைப்பை சுமார் 2 செ.மீ. வரை வளர்ந்து, வெடித்து முட்டையை வெளியே விடும். வெடிக்காமல் போனால் நீர் கோத்துப் பெரிதாகும். உங்கள் வயதில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது, இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். ரிப்போர்ட்டில் 'சிம்பிள்' (உள்ளே வெறும் நீர் மட்டும்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்த அளவுக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம். உள்ளே திடமான பகுதி, ரத்தம், 'டெர்மாய்டு' (கொழுப்பு, முடி போன்றவை உள்ள கட்டி) என்று ஏதாவது எழுதியிருந்தால் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்படியும் 6 முதல் 12 வாரத்துக்குள், பீரியட்ஸ் முடிந்த கையோடு இன்னொரு ஸ்கேன் எடுங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் போதும், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வலது பக்கம் பி.சி.ஓ. உண்டா இல்லையா என்பதும் அந்தக் கட்டி வற்றிய பிறகுதான் சரியாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரி ஆனாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

என்னைக் கேட்டால், கட்டியைவிட நாள் தள்ளிப்போவதுதான் கவனிக்க வேண்டியது. சுழற்சி 35 நாளைத் தாண்டினால் முட்டை ஒழுங்காக வெளியாகவில்லை என்று அர்த்தம். ஸ்கேனிலும் பி.சி.ஓ. தெரிவதால், ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் தைராய்டும், புரோலாக்டின் என்ற ஹார்மோனும் பார்க்காமல் அந்தப் பெயரை ஒட்டக்கூடாது. அவற்றோடு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்யுங்கள், இந்தப் பிரச்சினையில் சர்க்கரை சீக்கிரம் எட்டிப்பார்க்கும். நாள் தள்ளிப்போனால் யாருக்கானாலும் கர்ப்பப் பரிசோதனையை டாக்டர் முதலில் கேட்பார், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

90 நாள் தாண்டியும் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. சில நாள் மாத்திரை கொடுத்து வரவைப்பார்கள். அதை நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

குழந்தை? பி.சி.ஓ.எஸ். உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகிறார்கள். சிலருக்கு முட்டை வெளியாக லெட்ரோசோல் போன்ற மாத்திரை தேவைப்படும், அவ்வளவுதான். 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கல்யாணம் வைத்தியம் இல்லை. இதற்காகக் கல்யாணத்தை அவசரப்படுத்தவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

எடை கூடியிருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஷிஃப்ட் நடுவில் பேக்கரி பஃப்ஸும் இனிப்பு டீயுமாக ஓட்டுவதைக் குறையுங்கள். பகலில் தூங்கும்போது அறையை நன்றாக இருட்டாக்கித் தூங்குங்கள். ஒல்லியாக இருந்தால் பட்டினி கிடக்காதீர்கள், தினமும் அரை மணி நேரம் அல்சூர் ஏரியைச் சுற்றி வேகமாக நடந்தாலே உடம்புக்கு நல்லது.

செலவு யோசனை என்றால் சிவாஜிநகர் பவுரிங் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது கடைசி ஆறு பீரியட்ஸ் வந்த தேதிகளை எழுதி எடுத்துப்போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், அவருடைய கேள்விகளை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.