பழைய காரை வீட்டின் சீலிங் விரிசல்: கேள்வி பதில்

வடசேரி வாசகர்: ஐயா, தாத்தா கட்டிய மட்டுப்பா (மொட்டைமாடி) வீடு. மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. சீலிங்கில் நீள விரிசல். சிமெண்டால் அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சுண்ணாம்பு அதனோடு சற்று அசைந்து கொடுக்கும், ஓதத்தையும் வெளியே விடும். சிமெண்டு இறுகி நிற்கும். அடைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும்.

கரண்டியை எடுக்கும் முன் மட்டுப்பாவில் ஏறுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோட்டு (மாடித் தரையில் பதித்த தட்டை ஓடு) இணைப்பு எங்கே விட்டிருக்கிறது, ஓரத்தில் ஆலங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் குமரி மாவட்டம் நம்முடையது. மேலே ஒழுகும்வரை கீழே பூசுவது வீண்செலவு. அடுத்து, கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. முட்டுக்கொடுத்துவிட்டு ஆசாரியை அழையுங்கள். கொத்தனார் வேலை அதற்குப் பிறகுதான்.

தக்கலை வாசகி: கலவை எப்படி? பத்மநாபபுரம் அரண்மனைத் தரைபோல முட்டை வெள்ளைக்கரு சேர்க்க வேண்டுமா?

பதில்: அது தரையின் மெருகுக்குச் சொல்லப்படுவது, சீலிங்குக்குத் தேவையில்லை. தண்ணீர் விட்டு நன்றாக நீற்றி, ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீர் சேர்ப்பது பழைய வழக்கம். தெரிந்த கொத்தனார் இருந்தால் சேருங்கள். விரிசலை உளியால் அகலமாக்கி, தூசி தட்டி, நனைத்த பிறகு பூசுங்கள். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சில நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

குளச்சல் வாசகர்: எங்களுடையது கான்கிரீட் வீடு. பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பட்டி பூசலாமா?

பதில்: கூடாது. துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். அதுவரை அந்த இடத்தின்கீழ் கட்டில் போடாதீர்கள்.

சுசீந்திரம் வாசகர்: எந்த மாதம் தொடங்கலாம்?

பதில்: ஜனவரி இறுதியில். மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

குலசேகரம் வாசகி: விரிசல் மயிரிழைதான், ஆனால் தட்டினால் பொள்ளென்று கேட்கிறது.

பதில்: அகலமான விரிசலைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது. அந்த ஓசை கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் இருப்பதை முழுதும் கொத்தி இறக்கிவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.