தீர்க்கதரிசனம் பிசகும்போது விசுவாசம் என்னாகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பதினைந்து வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். நிறைவேறிய தீர்க்கதரிசனங்களே வேதம் மெய் என்பதற்கு அத்தாட்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் எசேக்கியேல் 26-ஐ முழுதாக வாசித்தேன். அன்றிலிருந்து ஜெபம் வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: எசேக்கியேலிலேயே ஆரம்பியுங்கள் அம்மா. அதை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: யாருக்கு, எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது, யார் செய்வான் என்று சொல்லப்பட்டது, கெடு ஏதும் உண்டா, நடந்தது என்ன, அதற்குச் சாட்சி எது.

எசேக்கியேல் 26 தீரு என்ற துறைமுக நகரத்தின் அழிவைப் பற்றியது. அதற்கு இப்படிப் போடலாம். 26:7 பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவன் மதில்களை இடிப்பான், குதிரைகளின் குளம்புகளால் வீதிகளையெல்லாம் மிதிப்பான் என்கிறது. 12-ஆம் வசனம் கொள்ளையைச் சொல்கிறது. 14-ஆம் வசனம் இனி நீ கட்டப்படமாட்டாய் என்கிறது. நடந்தது 13 வருஷ முற்றுகை. தீவில் இருந்த நகரம் அவன் கையில் கொள்ளைபோகவில்லை. இதற்கு வெளிச் சாட்சி தேடி அலைய வேண்டாம், 29:18-ஐப் பாருங்கள். வீரர்களின் தலையெல்லாம் மொட்டையாகி, தோளெல்லாம் தோலுரிந்தும் தீருவில் கூலி கிடைக்கவில்லை என்று எசேக்கியேலே எழுதுகிறார். அதற்கு ஈடாக எகிப்து கொடுக்கப்படும் என்கிறார்.

ஜெபம் வராததற்கும் காரணம் இருக்கிறது. தீர்க்கதரிசனத்தை அத்தாட்சியாக வைத்துப் படித்தவர்களுக்கு ஒன்று பிசகியதும் உயிர்த்தெழுதல், பாவமன்னிப்பு, செத்துப்போனவர்களை மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கை எல்லாம் ஒரே ராத்திரியில் ஆட்டம் காண்கின்றன. அவை தனித்தனிக் கேள்விகள். தீரு பிசகியதால் மற்றவை தானாக விழுவதில்லை, தானாக நிற்பதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: "நிறைவேறியவை 300" என்ற பட்டியலும் வேண்டாம், "பொய்த்தவை 50" என்ற பட்டியலும் வேண்டாம். இரண்டுமே அதிகாரத்தை வாசிக்கவிடாது.

கேள்வி: ஏசாயா 7:14-இல் "கன்னிகை" என்பது தப்பான மொழிபெயர்ப்பா?

பதில்: எபிரெயத்தில் இருப்பது "அல்மா", இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதை "பார்த்தெனோஸ்" என்று வைத்தது, மத்தேயு 1:23 அதை எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த ஒரு சொல்லில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். 16-ஆம் வசனத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன்னே, யூதாவின் ராஜா ஆகாஸ் பயப்படும் இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்கிறது. பேச்சு நடந்தது கி.மு. 735 வாக்கில். அந்த ராஜாக்களின் தலைநகரங்களில் தமஸ்கு 732-இல் விழுந்தது, சமாரியா 722-இல். ஆகாஸுக்கான அடையாளம் ஆகாஸின் காலத்திலேயே முடிகிறது. மத்தேயு அதில் இரண்டாவது அர்த்தம் காண்கிறார். அந்த வாசிப்பை ஏற்பதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: யோனா? நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார், கவிழவில்லையே.

பதில்: அதைப் பொய்த்தவற்றில் சேர்க்காதீர்கள். மனந்திரும்பினால் தண்டனை விலகும் என்று எரேமியா 18:7-8 விதியே சொல்கிறது. யோனா புத்தகத்தின் கதையே அதுதான். பட்டியல் பார்த்து வருகிறவர்கள்தான் இதில் சறுக்குகிறார்கள்.

கேள்வி: தானியேலின் எழுபது வாரம் கணக்குப்படி இயேசு வந்த வருஷம் துல்லியமாக வருகிறதே?

பதில்: தானியேல் 9:25 எருசலேமைக் கட்டும் கட்டளையிலிருந்து அபிஷேகம்பண்ணப்பட்டவர் வரும்வரை 69 வாரம் என்கிறது. ஒரு வாரத்தை ஏழு வருஷமாக எண்ணினால் 483 வருஷம். எந்தக் கட்டளையிலிருந்து எண்ணுவது? பாரசீக ராஜா கோரேசின் கட்டளை, கி.மு. 538: எண்ணினால் கி.மு. 55. எஸ்றா 7, கி.மு. 457: கி.பி. 27. நெகேமியா 2, கி.மு. 445: கி.பி. 39. கடைசியது பிந்திப்போவதால் வருஷத்துக்கு 360 நாள் என்று வைக்கிறார்கள், அப்போது கி.பி. 32 கிடைக்கிறது. முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு துல்லியமாகத்தான் வரும்.

மறுப்பு: சகோதரரே, தீரு விஷயத்தில் பாதியைத்தான் சொன்னீர்கள். 26:3 "அநேகம் ஜாதிகள்" என்கிறது. 12-ஆம் வசனத்தில் "அவன்" போய் "அவர்கள்" வருகிறது. கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் போடுவார்கள் என்றபடியே அலெக்சாண்டர் செய்தான்.

பதில்: நியாயமான மறுப்பு. கி.மு. 332-இல் அலெக்சாண்டர் கரையிலிருந்த பழைய ஊரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தான். 12-ஆம் வசனத்துக்கு அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் "அவர்கள்" என்பதை நேபுகாத்நேச்சாரின் சேனை என்று வாசிப்பதுதான் இயல்பு, முந்தின வசனம்வரை அவனுடைய சேனையைப் பற்றித்தான் பேச்சு. எசேக்கியேலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இல்லாவிட்டால் 29-இல் கூலி பாக்கியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன?

மறுப்பு: நேபுகாத்நேச்சார் கரையிலிருந்த ஊரைப் பிடித்தான், மீதியை அலெக்சாண்டர் முடித்தான். இரண்டு கட்டம். 14-ஆம் வசனம் பழைய ஊரைப் பற்றியது.

பதில்: 26:5 "கடலின் நடுவே" என்கிறது, அது தீவு. அந்தத் தீரு மறுபடி எழுந்தது. மாற்கு 7:24-இல் இயேசு அதன் எல்லைக்குப் போகிறார், அப்போஸ்தலர் 21-இல் பவுல் அங்கே ஏழு நாள் தங்குகிறார். இன்றும் லெபனானின் தெற்கில் ஜனங்கள் வாழும் ஊர் அது. இரண்டு கட்டம் என்ற விளக்கம் முடியாத காரியம் அல்ல. ஆனால் அது விசுவாசத்தைக் காப்பாற்றும் விளக்கம், விசுவாசத்தை நிரூபிக்கும் அத்தாட்சி அல்ல. ஞாயிறு பள்ளியில் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருந்தால் முதல் கேள்வி கேட்டவருக்கு இவ்வளவு அடி விழுந்திருக்காது.

மறுப்பு: அந்தக் கடைசி வாக்கியத்தை ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எழுபது வாரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: 1948-இல் இஸ்ரவேல் உருவானது. "இந்தச் சந்ததி" ஒழியுமுன் வருகை என்றால் எந்த வருஷம்?

பதில்: இந்தக் கேள்வி வருவது இதோடு மூன்றாவது முறை. சந்ததி 40 வருஷம் என்று 1988 குறித்தார்கள். பிறகு சங்கீதம் 90:10-ஐ வைத்து 70, 80 என்று நீட்டி 2018, 2028 என்றார்கள். மாற்கு 13:30-ஐ அந்த அதிகாரத்தோடு வாசியுங்கள். அது தேவாலயம் இடிவதைப் பற்றிய கேள்வியில் தொடங்குகிறது. ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. மனுஷகுமாரன் மேகங்களில் வருவது அந்தச் சந்ததிக்குள் நடக்கவில்லை. கடினமான இடம் அதுதான், 1948 அல்ல.

கேள்வி: தேதி பொய்த்தால் எல்லாரும் விட்டுப் போக வேண்டுமே, ஏன் போவதில்லை?

பதில்: 1844 அக்டோபர் 22-ஐப் பாருங்கள். அமெரிக்கப் பிரசங்கியார் மில்லரின் கூட்டத்தார் தானியேல் 8:14-இன் 2300 நாளை வருஷமாக்கி, அன்று இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். பலர் விலகினார்கள். சிலர் தேதி சரி, நடந்தது பரலோகத்தில் என்று விளக்கினார்கள். அவர்களிலிருந்து 1863-இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை அமைந்தது. கூடப் பிறந்தவர்களைப்போல் இருக்கும் கூட்டத்தைத் தேதிக்காக யாரும் எளிதில் விடுவதில்லை.

கேள்வி: அக்கா ஊழியக்காரி. அவளிடம் எப்படிச் சொல்வது?

பதில்: முதல் நாளே "நான் விட்டுவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். ஒரு அதிகாரத்தைத் திறந்து "இது எனக்குப் புரியவில்லை" என்று கேளுங்கள். பட்டியலை நீட்டாதீர்கள்.

கேள்வி: நம்பிக்கை போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் யாரையும் காணவில்லை என்றால் இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்து நான் மட்டும் கைவிடப்பட்டேனோ என்று நெஞ்சு அடைக்கிறது.

பதில்: நம்பிக்கை போன பிறகும் பயம் தங்குவது வழக்கம்தான், சின்ன வயதில் பதிந்தது உடம்பில் இருக்கும். நீங்கள் இன்னும் உள்ளூர நம்புகிறீர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரகசிய வருகை முதலில், பகிரங்க வருகை பிறகு என்று இரண்டாகப் பிரிக்கும் போதனை 1830-களில் டார்பி என்பவரால் பரவியது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோயின. 1 தெசலோனிக்கேயர் 4:13-18-ஐப் பகலில் வாசியுங்கள். செத்தவர்களுக்காகத் துக்கப்படுகிறவர்களைத் தேற்ற எழுதிய பகுதி அது, கைவிடப்படுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பயம் வரும்போது வசனம் தேடாதீர்கள். உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, வீட்டில் ஒருவருக்கு போன் போடுங்கள். வாரத்தில் பலமுறை வந்தாலோ தூக்கம் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அது என் வேலை அல்ல, அவர்களுக்கு அதற்கு வழி தெரியும்.